பணியிட இரைச்சல் மதிப்பீட்டாளராகத் தகுதி பெறுவது எப்படி: பிரிட்டனில் பயிற்சியும் களமும்

தச்சுப் பட்டறையில் ரம்பம் ஓடும்போது இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தால், அங்குள்ள இரைச்சல் ஏறக்குறைய 85 டெசிபெல் என்று கொள்ளலாம். ஒரு மீட்டர் தொலைவிலேயே கத்த வேண்டியிருந்தால் 90. முதல் நிலை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும், இரண்டாம் நிலை முக்கால் மணி நேரத்துக்கு மேலும் நீடித்தால், அந்தப் பட்டறைக்கு முறையான இரைச்சல் மதிப்பீடு தேவைப்படும் என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்எஸ்ஈ முதலாளிகளுக்கு அறிவுறுத்துகிறது. அந்த மதிப்பீட்டைச் செய்து தருபவரே பணியிட இரைச்சல் மதிப்பீட்டாளர். கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் இருந்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில், இதில் நுழைய விரும்புகிறவர்கள் எதைப் படிக்க வேண்டும், எங்கே பயிற்சி பெறலாம், சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் எதைத் தாமே தேடிக் கற்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் கேட்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பணியிட இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இசை, கேளிக்கைத் தொழில்களுக்கு மட்டும் 2008 ஏப்ரல் வரை அவகாசம் தரப்பட்டது. ஒருவர் ஒரு வேலைநாளில் கேட்கும் இரைச்சலை எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக்கினால் 80 டெசிபெல்லைத் தொடும் என்றாலோ, திடீர் ஓசையின் உச்சம் 135-ஐத் தொடும் என்றாலோ, முதலாளி அவருக்கு விவரம் சொல்லிப் பயிற்சி தர வேண்டும். அவர் கேட்டால் காதுக் காப்பும் தர வேண்டும். சராசரி 85, உச்சம் 137 என்ற அடுத்த படியை எட்டினால், இரைச்சலையே குறைக்கத் திட்டமிட்டு வேலை செய்ய வேண்டும். அது முடியும்வரை காதுக் காப்பு அணிவது கட்டாயம். அந்த இடத்தை அடையாளப் பலகை வைத்துத் தனிப் பகுதியாக்கவும் வேண்டும். காதுக் காப்பு தரும் குறைப்பையும் கணக்கில் சேர்த்த பிறகு 87, உச்சம் 140 என்ற எல்லையை யாரும் தாண்டக் கூடாது. சராசரிகள் ‘ஏ’ எடையிலும் (காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த சுருதி ஓசைகளைக் குறைத்துக் கணக்கிடும் அளவு) உச்சங்கள் ‘சி’ எடையிலும் (அவற்றைப் பெரிதாகக் குறைக்காத அளவு) அளக்கப்படுகின்றன. ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தியத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்பதே அளவு, அங்கே 5 டெசிபெல் கூடினால் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். இங்கே 3 கூடினாலே பாதி. பழைய அட்டவணை மனத்தில் பதிந்திருந்தால் அதை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எனக்கு அதற்கே சில வாரங்கள் ஆயின.

மதிப்பீட்டாளருக்கு இன்ன சான்றிதழ் வேண்டும் என்று இந்த விதிகள் எங்கும் சொல்வதில்லை. தகுதியுள்ளவர் செய்ய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் தகுதியை எப்படி நிரூபிப்பது என்ற கேள்வி வரும்போது, நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் வழக்கறிஞர்களும் ஒரு தாளைக் கேட்பார்கள். பிரிட்டனில் அதிகம் அறியப்பட்ட தாள், ஒலியியல் துறையினரின் தொழில்முறை அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் அகூஸ்டிக்ஸ் வழங்கும் பணியிட இரைச்சல் இடர் மதிப்பீட்டுத் திறன் சான்றிதழ். அந்த அமைப்பு வகுப்புகளைத் தன் அங்கீகாரம் பெற்ற மையங்களிடம் விட்டிருக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரம் வகுப்பு. அதன் பிறகு எழுத்துத் தேர்வும், கருவியைக் கையில் தந்து அளக்கச் சொல்லும் செய்முறைத் தேர்வும் உண்டு. இரண்டாவது வழி, தொழில்சார் சுகாதாரத் துறையினர் எடுக்கும் டபிள்யூ503 என்ற ஐந்து நாள் பாடம். பிரிட்டிஷ் தொழில்சார் சுகாதாரச் சங்கமான பிஓஹெச்எஸ் இதற்குத் தேர்வு நடத்துகிறது. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றாலும், எங்கே பார்ப்பது என்று தெரியாதவருக்குப் புத்தகம் உதவாது. பன்னாட்டுப் பாடத்திட்டம் என்பதால் வெளிநாடுகளிலும் இதை நடத்துகிறார்கள். தொழிற்சாலை இரைச்சலை மட்டும் செய்யப் போகிறவருக்கு முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன், காரணம் அந்தச் செய்முறைத் தேர்வுதான். தூசி, வேதிப்பொருள், வெப்பம் என எல்லாவற்றையும் அளக்கும் சுகாதார நிபுணராக விரும்புகிறவருக்கு இரண்டாவது பொருந்தும்.

பட்டப்படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பராமரிப்புப் பிரிவிலிருந்தும் தொழிற்சங்கப் பொறுப்பிலிருந்தும் வந்து தேறியவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் ஆட்களைத் தடுமாற வைப்பது மடக்கைக் கணக்கு ஒன்றுதான். 85 டெசிபெல் எழுப்பும் இயந்திரத்தின் பக்கத்தில் அதே போன்ற இன்னொன்றை ஓட்டினால் 170 ஆகாது, 88 ஆகும். 90-உடன் 80-ஐச் சேர்த்தால் 90.4 தான். இந்த இரண்டு வரிகளும் இயல்பாகத் தோன்றும்வரை, பள்ளிக்கூடத்துப் பத்தடிமான மடக்கையை எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் அரை மணி நேரம் வீதம் இரண்டு வாரம் பழக வேண்டும். கூடவே, ஹெச்எஸ்ஈ வெளியிட்டிருக்கும் எல்108 என்ற வழிகாட்டி நூலை இணையத்தில் இலவசமாக இறக்கிப் படித்துவிட வேண்டும். விதிகளின் வாசகமும் விளக்கமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தரும் இலவச ஒலிமட்டச் செயலியை இறக்கி, சமையலறை மிக்சி, பேருந்து, திருமண மண்டப நாதஸ்வரம் என்று எதை வேண்டுமானாலும் அளந்து பார்த்து, எண்ணுக்கும் காதுக்கும் உறவு ஏற்படுத்திக்கொள்ளலாம். அந்த எண்ணை அறிக்கையில் மட்டும் எழுதிவிடக் கூடாது.

வகுப்பில் கருவியைப் பற்றி நிறையச் சொல்லித் தருவார்கள், அதில் கடினமானது எதுவும் இல்லை. ஒலிமட்டத்தை அளக்கும் சவுண்டு லெவல் மீட்டர், ஐஈசி 61672 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி துல்லியத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ ஆக இருக்க வேண்டும். பணியிட வேலைக்கு இரண்டாம் வகுப்பே போதும். அளவெடுக்கத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் மைக்கின் மேல், தெரிந்த அளவு ஓசையை எழுப்பும் காலிபிரேட்டரைப் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். காலிபிரேட்டர் 94 டெசிபெல் தருகிறது என்று எழுதியிருந்தாலும், சில மைக்குகளுக்குத் திருத்தம் கழித்து 93.8 என்று வைக்க வேண்டியிருக்கும். கையேட்டில் உள்ள இந்தச் சிறு எண்ணைக் கவனிக்காமல் விட்டால் அன்றைய அளவுகள் எல்லாவற்றிலும் அந்தப் பிழை ஏறிக்கொள்ளும். முன்பும் பின்பும் பார்த்த அளவுகள் 0.5 டெசிபெல்லுக்கு மேல் வேறுபட்டால், அந்த நாளின் அளவுகளைக் கழித்துக்கட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். பணியாளர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மைக்கை இரைச்சல் அதிகம் விழும் காதிலிருந்து 10 முதல் 40 சென்டிமீட்டருக்குள் பிடிக்க வேண்டும். நம் உடம்பு குறுக்கே நின்று ஓசையை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது மூன்று அளவுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்கிறது, பணியிட இரைச்சலை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9612. அவை தமக்குள் 3 டெசிபெல்லோ அதற்கு மேலோ வேறுபட்டால், மேலும் அளக்க வேண்டும், அல்லது நாம் ஒரே வேலை என்று நினைத்தது உண்மையில் இரண்டு வேலையா என்று பார்க்க வேண்டும்.

நேரத்தைக் கேட்டறிவதே வேலையின் பாதி

டெசிபெல்லைக் கருவி சொல்லிவிடும். ஒருவர் அந்த டெசிபெல்லில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது. மதிப்பீடுகள் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பது என் அனுபவம். கண்முன் நடப்பது போல ஒரு தச்சரின் நாளை எடுத்துக்கொள்வோம். அவர் வட்ட ரம்பத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிறார், அங்கே 96 டெசிபெல். இழைப்பு இயந்திரத்தில் ஒரு மணி நேரம், 99. பொருத்தும் மேசையில் நான்கு மணி நேரம், 82. மீதி ஒரு மணி நேரம் அலுவலகத்தை ஒட்டிய அறையில், 70. இதை மடக்கையில் போட்டுப் பார்ப்பதைவிட ஹெச்எஸ்ஈயின் புள்ளி முறையில் பார்ப்பது புரிவதற்கு எளிது: எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்றால் 100 புள்ளி; 3 டெசிபெல் கூடினால் புள்ளி இரட்டிக்கும், நேரம் பாதியானால் புள்ளியும் பாதியாகும். ரம்பம் சுமார் 315 புள்ளி, இழைப்பு இயந்திரமும் சுமார் 315, மேசை 25, அறை ஒன்றுமே இல்லை. மொத்தம் 655 புள்ளி. திருப்பி மாற்றினால் நாளின் சராசரி 93 டெசிபெல்.

இந்தக் கணக்கில் கற்க வேண்டியது கடைசி எண் அல்ல. நாளில் பாதியை விழுங்கும் மேசை வேலை மொத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே ஒரு மணி நேர இழைப்பு ஏறக்குறைய பாதி. எனவே மேற்பார்வையாளர் “இழைப்பு இயந்திரமா, அது எப்போதாவதுதான்” என்று கையை வீசிச் சொல்லும்போது, அந்த ‘எப்போதாவது’ பத்து நிமிடமா, ஒன்றரை மணி நேரமா என்று தெரிந்தாக வேண்டும். அதை மேற்பார்வையாளரிடம் கேட்டால் வராது. இயந்திரத்தில் நிற்பவரிடம், அதை நிறுத்தியிருக்கும் வேளையில், தேநீர்க் கோப்பை கையில் இருக்கும்போது கேட்க வேண்டும். அதுவும் “தினமும் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்” என்று கேட்காமல், “நேற்று எத்தனை பலகை இழைத்தீர்கள், ஒரு பலகைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், அவசர ஆர்டர் வந்த வாரத்தில் எப்படி இருக்கும்” என்று கேட்க வேண்டும். பலகைகளின் எண்ணிக்கை உற்பத்திப் பதிவேட்டிலும் இருக்கும்; இரண்டும் ஒத்துப்போனால்தான் நான் அந்த நேரத்தை எழுதுவேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், பராமரிப்புப் பணியாளர் போல ஓரிடத்தில் நில்லாதவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் இரைச்சலைப் பதிவு செய்யும் டோசிமீட்டரே வழி. மைக் காதுத் துளையிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, தோளுக்கு மேல் சுமார் 4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். வசதியான கருவிதான், ஆனால் தான் எதைக் கேட்டது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நான் தனியாகச் செய்த தொடக்க கால வேலைகளில் ஒன்றில், உலோகப் பட்டறைப் பணியாளர் ஒருவரின் பதிவில் முற்பகல் பதினொன்றேகாலுக்கு உச்சம் 141 என்று இருந்தது. அறிக்கையில் அதைப் போட்டு, சட்ட எல்லை மீறல் என்று தலைப்பும் எழுதிவிட்டேன். அனுப்பும் முன் ஏதோ உறுத்த, அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். வெயிலாக இருந்ததால் ஜாக்கெட்டைக் கழற்றி, மாட்டிய டோசிமீட்டரோடு இரும்பு அலமாரியின் மேல் வீசினாராம். அந்த ஓசையைப் பதிவு செய்தது அலமாரியில் மோதிய மைக்; அவர் காதில் அது விழவில்லை. அன்றிலிருந்து, டோசிமீட்டர் மாட்டுகிறவரோடு நாளில் பாதியாவது கூடவே நடந்து, எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று குறிப்பேட்டில் குறித்துக்கொள்கிறேன். வரைபடத்தில் எழும் ஒவ்வொரு முகட்டுக்கும் குறிப்பில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பதை எனக்கு நானே விதியாக வைத்திருக்கிறேன்.

காதுக் காப்பைப் பற்றி வகுப்பில் ஒரு நாள் போகும்; தேர்விலும் கணக்கு உறுதியாக வரும். காதுக் காப்பு எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எஸ்என்ஆர் என்ற எண்ணைச் ‘சி’ எடை அளவிலிருந்து கழிப்பது எளிய முறை. ‘சி’ எடையில் 97 டெசிபெல் உள்ள இடத்தில் எஸ்என்ஆர் 28 உள்ள காதுமூடியை அணிந்தால் காதுக்குள் 69. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பொருந்துவது போல ஆலையில் பொருந்தாது. கண்ணாடிக் காலும் தாடியும் குல்லாவும் இடையில் புகும். அதனால் 4 டெசிபெல்லைக் கூட்டி 73 என்று கொள்ள வேண்டும். 75-க்கும் 80-க்கும் நடுவில் விழுவதே சிறந்தது. 70-க்குக் கீழே போனால், ஃபோர்க்லிஃப்டின் ஹாரன்கூடக் கேட்காத அளவுக்குக் காதை அடைத்துவிட்டோம் என்று பொருள். அதிக எண் உள்ளதே நல்லது என்று வாங்கிக் குவிக்கும் கொள்முதல் பிரிவினரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். வேலைநேரத்தில் பாதி நேரம் காதுமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவருக்கு, அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நாள் முழுவதற்குமான பாதுகாப்பு 3 டெசிபெல்லைத் தாண்டாது. எனவே ஆலைக்குள் நடக்கும்போது எத்தனை பேர் சரியாக அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் குறிப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே.

காதின் உடற்கூற்றையும் படிக்க வேண்டும், ஆனால் மருத்துவராகிவிடக் கூடாது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. இரைச்சல் தரும் பாதிப்பு பொதுவாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பள்ளமாகச் செவித்திறன் சோதனையில் முதலில் தெரியும். பேச்சில் மெய்யெழுத்துகள் மங்கத் தொடங்கும்போதுதான் ஆளுக்கே அது புரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும். கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர்களின் செவியை ஆராய்ந்து எழுதியது 1886-இல். லங்காஷயர் நெசவாலைகளின் பெண்கள் தறி ஓசையில் பேச்சைக் கைவிட்டு, உதட்டசைவாலேயே பேசும் வழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் வீட்டுக்குள்ளும் கூப்பாடு போட்டே பேசுவார். அதை அவருடைய சுபாவம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். டொலுவீன், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும் காதைக் கெடுக்கும், இரைச்சலோடு சேரும்போது கேடு கூடும் என்பதால், வண்ணம் பூசும் பிரிவிலும் ஃபைபர்கிளாஸ் பட்டறையிலும் அங்கே புழங்கும் வேதிப்பொருள்களையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

வகுப்பில் அவசரமாக முடித்துவிடுகிற பகுதி, இரைச்சலைக் குறைக்கும் வழிகள். அளந்து எண்ணைத் தந்துவிட்டு, ‘காதுக் காப்பு அணியவும்’ என்று முடிக்கும் அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு மதிப்பீட்டாளர் தேவையே இல்லை. பயிற்சிக் காலத்திலேயே இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். காற்றாடியின் வேகத்தை 30 விழுக்காடு குறைக்க முடிந்தால் சுமார் 8 டெசிபெல் குறையும் என்பதும், திறந்த குழாயால் காற்று ஊதித் தூசி தட்டும் இடத்தில் இரைச்சல் குறைந்த நாசில் மாட்டினால் சில பவுண்டு செலவில் பெரிய வித்தியாசம் தெரியும் என்பதும், அதிரும் தகட்டுக் காப்புகளின் மேல் அதிர்வுறிஞ்சும் தகடு ஒட்டலாம் என்பதும், அடுத்து வாங்கப்போகும் இயந்திரத்தின் இரைச்சல் அளவை ஆர்டர் போடும் முன்பே கேட்க வேண்டும் என்பதும் விரல் நுனியில் இருக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து விலகி நிற்கச் சொல்வது மட்டும் எல்லா இடத்திலும் உதவாது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். கான்கிரீட் தரையும் தகரக் கூரையும் உள்ள கொட்டகையிலோ எதிரொலி நிறைந்திருப்பதால், பத்தடி தள்ளிப் போனாலும் எண் நகராது. இதைத் தேர்வில் எழுதுவதற்கு முன் ஒருமுறை நேரில் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

சான்றிதழ் வந்தவுடன் தனியாகக் கிளம்பிவிட வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரோடு ஐந்தாறு இடங்களுக்காவது போய், அவர் அளக்கும் அதே நேரத்தில் நீங்களும் அளந்து, இருவர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்கள் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் யாரிடம் பேசினார், எந்த வேலையைப் பிரித்துப் பார்த்தார் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். முதலில் தச்சுப் பட்டறை, அச்சகம் போன்ற சீரான ஓசை உள்ள இடங்களை எடுத்துக்கொள்ளலாம். சுத்தியடி, ஆணித் துப்பாக்கி, அழுத்துப் பொறி என உச்சங்கள் நிறைந்த இடங்களும், இசைக்குழுக்களும், ஹெட்செட் அணியும் அழைப்பு மையங்களும் பிறகு வரட்டும். ஹெட்செட்டுக்குள் அளப்பது தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் கேட்கும் வேலை, அதை ஒப்புக்கொள்ளாமல் வேறொருவரைக் கைகாட்டுவதும் தகுதியின் ஓர் அடையாளம்தான்.

அறிக்கையை எழுதும்போது, கருவியின் வரிசை எண், கடைசியாக ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்த தேதி, அன்று என்னென்ன இயந்திரங்கள் ஓடின, எவை நின்றிருந்தன, ஒவ்வொரு நேரமும் யார் சொன்னது என்பவை இருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து ஒருவர் செவிப்புலன் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தால் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். ஆனால் ஆலை மேலாளர் படிப்பது முதல் பக்கத்தை மட்டுமே என்பதால், எந்த இயந்திரத்தில், எதை, யார், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதை அங்கேயே போட்டுவிட வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறுபரிசீலனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது ஹெச்எஸ்ஈயின் அறிவுரை. நான் அடுத்த வருகைக்கான மாதத்தை அறிக்கையின் கடைசி வரியாக எழுதி, ஆலையை விட்டுக் கிளம்பும் முன் மேலாளரின் நாட்காட்டியிலும் அவர் கையாலேயே குறிக்கச் சொல்லிவிடுகிறேன்.